பெயரில் உப்பில்லை

தமிழில் உப்பைப் பற்றி எத்தனை பழமொழிகள் உண்டோ, அத்தனையும் என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டவை. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. பரீட்சையில் மார்க் குறைந்தால் ‘உப்புச் சப்பில்லாத பயல்’. கபடியில் எந்தக் கட்சியும் என்னை எடுத்துக்கொள்ளாமல் ‘உப்புக்குச் சப்பாணியாக’ நிற்க வைத்தபோது, “அதெப்படி, இவன்கிட்டதான் உப்பே இல்லியே” என்று ஒருவன் ஆட்சேபித்தான். அவன் பிற்பாடு வக்கீலானான்.

என் பெயர் உப்பிலி. சான்றிதழ்களில் உப்பிலியப்பன்.

கும்பகோணத்தைச் சுற்றி இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். “நம்ம பெருமாள் பேரு” என்று காபியை நீட்டுவார்கள். விழுப்புரம் தாண்டினால் “என்னது?” என்பார்கள். செங்கல்பட்டு தாண்டினால் “எழுதிக் காட்டுங்க” என்பார்கள். வடக்கே போகப் போக நான் மனிதனா, மளிகைச் சாமானா என்பதிலேயே சந்தேகம் வந்துவிடும்.

பெயருக்குச் சொந்தக்காரர் கும்பகோணத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டரில், திருநாகேஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அதே ஊரில் நாகநாதர் கோயில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் செய்ய வருகிற கூட்டம் பெரிது. அந்தப் பால் நீலமாக மாறுவதைப் பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று பெருமாளையும் சேவித்துவிட்டுப் போவார்கள். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. பழைய பெயர் திருவிண்ணகர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் இந்தப் பெருமாளைத் ‘தன்னொப்பாரில்லப்பன்’ என்கிறார். தனக்கு நிகர் யாருமில்லாத அப்பன். அதைச் சுருக்கினால் ஒப்பிலியப்பன். இவ்வளவு கம்பீரமான பெயரை வைத்துக்கொண்டு நாலு பேர் மத்தியில் எப்படியெல்லாம் நிமிர்ந்து நடந்திருக்கலாம்! ஆனால் ஜனங்களின் வாயில் ‘ஒ’ எப்போதோ ‘உ’ ஆகிவிட்டது. நிகரில்லாதவர் உப்பில்லாதவர் ஆனார்.

ஸ்தல புராணம் இதை ஒப்புக்கொள்ளாது. அங்கே கதை வேறு. மார்க்கண்டேய மகரிஷிக்குத் துளசிச் செடியடியில் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது, பூமிதேவிதான். பெண் வளர்ந்து நிற்கும்போது பங்குனித் திருவோணத்தன்று ஒரு தொண்டு கிழவர் வந்து பெண் கேட்கிறார். கிழவருக்குப் பெண் கொடுக்க எந்த அப்பா சம்மதிப்பார்? “சின்னப் பெண். சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது” என்கிறார் ரிஷி. பெண் கொடுக்க மனசில்லாத தகப்பன்மார்கள் இன்றைக்கும் ‘மேலே படிக்க ஆசைப்படுகிறாள்’ என்கிறார்களே, அந்த வகைச் சாக்கு. கிழவர் அசரவில்லை. “உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்” என்றார். ரிஷி கண்ணை மூடித் தியானித்துப் பார்த்தால் வந்திருப்பது மகாவிஷ்ணு. கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அந்தக் கோயில் மடைப்பள்ளியில் உப்புக் கிடையாது. புளியோதரை, தயிர்சாதம், வடை எதிலும் கிடையாது. நாமும் உப்புப் போட்ட பண்டத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

நாக்கு தடுக்கிப் பெயர் மாறியது, மாறிய பெயருக்குக் காரணம் கேட்கப்பட்டது, நம் ஜனங்கள் ஒரு கல்யாணத்தையே நடத்திக் காரணம் சொல்லிவிட்டார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். எங்கள் ஊர் பட்டாச்சாரியார் காதில் போட்டுவிடாதீர்கள். உண்மையில் கதைதான் எனக்குப் பிடிக்கும். நிகரில்லாத கடவுளர்கள் நம்மிடம் நிறைய உண்டு. சமைக்கத் தெரியாத பெண்டாட்டிக்காக நாக்கைக் கட்டிக்கொண்ட கணவர் அவர் ஒருவர்தான்.

கோயிலுக்குள் சாப்பிட்டால் உப்பில்லாததே தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிகிறது. கருவறைக்குப் பத்தடி தள்ளி, தூண் நிழலில் உட்கார்ந்து தின்றாலும் தெரிகிறது. நார்த்தங்காயும் மோர்மிளகாயும் கண்ணில் படாமல் எனக்குத் தயிர்சாதம் இறங்காது. பெயரைப் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது.

எங்கள் வீட்டில் இது தாத்தாவின் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம், ஆகவே எனக்கு வந்தது. ஆனால் தாத்தா அம்மாவுக்கு மாமனார். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. சாரங்கபாணி, கோபாலன் என்று பெயருள்ள மாமனார்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தொல்லையில்லை. கறிகாய்க்கடையில் யாரும் அரைக்கிலோ கோபாலன் கேட்பதில்லை. எங்கள் அம்மா கல்யாணமான மறுநாளிலிருந்து ‘உப்பு’ என்ற சொல்லையே விட்டுவிட்டாள். அவளுக்கு அது ‘ருசி’. “சாத்தமுதுல ருசி போறுமா?” “ஜாடில ருசி தீர்ந்துபோச்சு.” தெருவில் தள்ளுவண்டிக்காரர் கல்லுப்பைக் குவித்துக்கொண்டு, மேலே படியைக் கவிழ்த்து வைத்து, “உப்போய்!” என்று கூவிக்கொண்டு போவார். அம்மா வாசலுக்கு ஓடி, “ருசி! ஏ ருசி! நில்லுப்பா!” என்பாள். நாளடைவில் தெருவே அவரை ருசி என்று கூப்பிட ஆரம்பித்தது. அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

என்னை எப்படிக் கூப்பிடுவாள்? ‘அம்பி’தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று அப்பாவுக்கு வெளியூர் வேலை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த வாத்தியார் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதுசு.

“பையன் பேரு?”

அம்மா விட்டத்தைப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா.”

“திருநாகேஸ்வரத்துப் பெருமாள் பேரு.”

“நான் இன்னும் அந்தக் கோயிலுக்குப் போகலியே.”

“சமையல்ல போடுவமோல்லியோ, அது இல்லாதவர்.”

“புளியா?”

“இல்லை. வெள்ளையா இருக்கும்.”

வாத்தியாருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. “சீனி! சீனிவாசன்னு சொல்ல வேண்டியதுதானே” என்று எழுதிக்கொண்டுவிட்டார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. அந்தப் பெருமாள் திருப்பதி சீனிவாசனேதான் என்பதும் ஐதீகம். கோயிலுக்கே தென்திருப்பதி என்று ஒரு பெயர் உண்டு. அப்பா வந்து திருத்துகிறவரை நான் சீனிவாசனாகவே ஆஜர் சொன்னேன். உப்புக்குப் பதில் சர்க்கரை.

மேல்வகுப்பில் சரித்திரப் பாடம் நடந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பித் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யம் நடந்துபோய் உப்பு அள்ளிச் சிறைக்குப் போனார். வாத்தியார் அந்த வரிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்புவார். “ஊரே உப்புக்காக ஜெயிலுக்குப் போயிருக்கு. உங்க பெருமாள் வேண்டாங்கறார். எழுந்திருடா, பதில் சொல்லு.” பெருமாள் சார்பில் நான் பெஞ்சுமேல் நின்றிருக்கிறேன்.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. வகுப்பில் ஒரு சௌரிராஜன் இருந்தான். அவன் பெருமாள் திருக்கண்ணபுரத்தில். அர்ச்சகர் ராஜாவுக்குக் கொடுத்த மாலையில் தலைமயிர் இருக்க, “பெருமாளுடைய கேசம்தான்” என்று அவர் புளுகிவைக்க, அவர் தலையைக் காப்பாற்றப் பெருமாள் தன் தலையில் முடி வளர்த்துக் காட்டினார் என்பது கதை. சௌரி என்றால் முடி. நண்பன் சௌரிராஜனுக்கு முப்பது வயதிலேயே உச்சி மின்னியது. சிதம்பரத்துக்காரன் ஒரு குஞ்சிதபாதம். நடராஜரின் தூக்கிய திருவடி. அவன் பட்ட பாட்டைப் பத்திரிகையில் எழுத முடியாது. தென்திருப்பேரைப் பெருமாளின் பெயர் மகரநெடுங்குழைக்காதன். அதை எந்த விண்ணப்பத்தின் கட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாது. குழைக்காதன் வரைக்குமே கட்டம் போதாது.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம் இருந்தது. பெயரைச் சொன்னால் முகவரி சொன்ன மாதிரி. ரங்கராஜன் என்றால் ஸ்ரீரங்கம் பக்கம் விசாரிக்கலாம். எழுத்தாளர் சுஜாதாவே உதாரணம். நெல்லையப்பன், தாணுமாலயன் என்றால் ரயில் டிக்கெட்டே எடுத்துவிடலாம். இப்போது நிவான், விவான், கியான் என்கிறார்கள். எந்த ஊர், என்ன பாஷை, எந்தக் கோயில், ஒன்றும் தெரியாது. இனிமையாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்?

ஒரு பெயர் பரவ வேண்டுமானால் அதை ஒரு கதாநாயகன் வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது ஒரு தலைவர் வைக்க வேண்டும். 1953 மார்ச்சில் மாஸ்கோவில் ஸ்டாலின் காலமானார். சில நாள் முன்பு பிறந்திருந்த தன் மகனுக்குக் கருணாநிதி அந்தப் பெயரை வைத்தார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஸ்டாலின்கள் சகஜம். ரஷ்யப் பெயர் அத்தனை தூரம் கடந்து வந்து குடியேறிவிட்டது. எங்கள் பெயரால் ஆடுதுறையைத் தாண்ட முடியவில்லை. நான் பார்த்த சினிமாக்களில் உப்பிலி என்று யாராவது வந்தால், அவர் சமையற்காரராக இருப்பார் அல்லது இடைவேளைக்குள் அடி வாங்குவார்.

அரசாங்கத்துக்கும் இந்தப் பெயர் பிடிபடுவதில்லை. ஓர் அட்டையில் நான் ‘உப்புலி’. கேட்டால் ஏதோ வங்கக் கடலோரத்து வேட்டை மிருகம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் ‘உப்பிளி’. ஒரு காபிக்கடையில் கோப்பைமேல் பெயர் எழுதுகிற பையன் ஆங்கிலத்தில் ‘ஹேப்பிலி’ என்று எழுதி நீட்டினான். விலையைப் பார்த்த பிறகு அதற்கு நியாயமே இல்லை.

போன வருஷம் ரத்த அழுத்தம் வந்தது. நர்ஸ் வாசலில் நின்று “உப்பிலி! யாருங்க உப்பிலி?” என்று கூவ, காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்; அவர்களும் அதே வியாதிக்காரர்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குமேல் உப்புக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது ஒரு டீஸ்பூன் என்றார். எங்கள் வீட்டு வடுமாங்காய் கரண்டியால் பரிமாறப்படுவது. “பேர்லயே இருக்கு, சாப்பாட்டுலயும் இருக்கட்டும்” என்று சீட்டில் கிறுக்கினார். அன்றிலிருந்து என் மனைவி எனக்குச் சமைப்பதில்லை, நைவேத்தியம் பண்ணுகிறாள்.

பையன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே பேரன் பிறந்தான். புண்யாகவாசனத்துக்கு நாங்கள் போக முடியாமல் வீடியோவில் பார்த்தோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி மோதிரத்தால் ‘நிவான்’ என்று எழுதினார்கள். நான் எதிர்பார்த்ததுதான். “உங்க பேரு நடுப்பேராப்பா” என்றான் பையன், நஷ்டஈடு தருகிற குரலில். விமானம் ஏறும்போது மட்டும் எட்டிப்பார்க்கிற பெயர். சரி என்று விட்டுவிட்டேன்.

குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது, அங்கே ஏற்கெனவே நிவான்கள் இருந்தார்கள். ஒரு குஜராத்தி, ஒரு தெலுங்கு. ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவனும் திரும்பினான். குழப்பம் வேண்டாமென்று அந்த அமெரிக்கப் பெண்மணி விண்ணப்பத்தில் விரலை ஓட்டி, நடுப்பெயரில் நிறுத்தினாளாம். “இது நன்றாயிருக்கிறதே, உப்பிலி! இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.” நம்மாழ்வார் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மருமகள் கோயம்புத்தூர்க்காரி, நல்ல பெண், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அது சனி இரவு. பையன் போனை மேஜைமேல் சாய்த்துவைத்துவிட்டு எங்கோ போயிருந்தான். நான் பூரி மசால் பற்றி என் மனைவியிடம் ஒரு விண்ணப்பம் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மருமகளின் குரல் இடி மாதிரி வந்தது.

“உப்பிலி! போதும் உன் அழிச்சாட்டியம். வாயை மூடிட்டுப் பேசாமப் படு!”

“சரிம்மா” என்றேன்.