வரைபட வித்துவான்

ஓர் ஊர் ஊராக இருக்க வேண்டுமானால், நாடி பார்க்கும் பரிசாரி ஒருவரும், காணி உறுதியைக் கண்ட மாத்திரத்திலேயே அதிலுள்ள வழுவைச் சுட்டிக்காட்டக்கூடியவர் ஒருவரும், எந்தக் கலியாண வீட்டிலும் இறைச்சிச் சட்டிக்கு அருகே நின்று உப்பைக் குறித்து அபிப்பிராயம் சொல்பவர் ஒருவரும் அங்கே இருந்தே தீருவர். எங்கள் ஊரான வரிப்பத்தான்சேனையிலும் இவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் அந்தத் தடை நீங்கும் வரை, இருந்த வாகனங்களையே திருப்பித் திருப்பிப் பழுதுபார்த்து ஓட்ட வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டதே, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பிரகிருதி விசேஷமாகத் தலையெடுத்தது. நான் அவரை வரைபட வித்துவான் என்பேன். ஊரார் சுருக்கமாகப் ‘படக் காக்கா’ என்கிறார்கள். இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இவருக்குச் சகபாடிகள் உண்டு. கல்முனையிலோ தெருவுக்கு ஒருவர் என்று கேள்வி.

இவர் பெரும்பாலும் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவராக இருப்பார். பாலைவன நகரமொன்றில் உதிரிப்பாகக் கடையின் கவுன்டருக்குப் பின்னால் பல வருஷம் நின்று, வந்தவன் அரபியானாலும் பட்டாணியானாலும் மலையாளியானாலும் அவன் வாய்மொழியை நம்பாமல், கணினித் திரையில் படத்தைக் காட்டி, ‘இதுவா, அதுவா’ என்று விரல் வைத்துக் கேட்டே குடும்பத்தைக் காப்பாற்றியவராதலால், ஊருக்கு வந்து வேளாண்மை செய்யத் தொடங்கிய பின்னும் அந்தப் பழக்கம் அவரை விட்டபாடில்லை. சாரன், முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை, மூக்கின் பாதியில் இறங்கி நிற்கும் கண்ணாடி, கக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஃபோட்டோ கொப்பிக் கட்டு. படமெல்லாம் தொலைபேசியிலேயே இருக்கும்போது கட்டெதற்கு என்று கேட்டால், சார்ஜ் ஏறும் வரைக்கும் முன்சில்லு கழன்று விழாமல் காத்துக்கொண்டிருக்குமா என்று திருப்பிக் கேட்பார்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலடியில் ஸலாம் சொல்லிக் கைகொடுத்த பின், மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பையும் வயலில் நீர் ஏறியதா என்பதையும் விசாரிப்பார்கள். இவர் சேஸிஸ் நம்பரை விசாரிப்பார். வாகனப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் வருஷத்தை இவர் ஒரு பிரமாணமாகவே ஒப்புக்கொள்வதில்லை. ஒரே பெயரும் ஒரே உருவமும் கொண்ட இரண்டு கார்களில், இன்ன மாதத்துக்கு முன் தொழிற்சாலையை விட்டு இறங்கியதற்கு ஒரு பாகமும், பின் இறங்கியதற்கு வேறொரு பாகமும் பொருந்தும் என்ற இரகசியத்தை அறிந்தவராதலால், பொனட்டைத் திறக்கச் செய்து, என்ஜினுக்குப் பின்சுவரில் பதித்த தகட்டைச் சாரன் தலைப்பால் துடைத்து, ‘என், இஸட், ஈ, நூற்று இருபத்தொண்டு’ என்று எழுத்தெழுத்தாக வாசித்து, கடுதாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளங்கையிலேயே எழுதிக்கொள்வார்.

அதன் பிறகுதான் படம் வெளிவரும். காரின் முன்சில்லுக்குப் பின்னே இருளிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சாமான்களெல்லாம் அந்தப் படத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஆகாயத்தில் நிற்கும்: நடுவே சொக் அப்சோபர், அதைச் சுற்றிய சுருள்வில், தலைமாட்டில் அதைப் பொடியோடு பிணைக்கும் மவுண்ட், கீழே லோவர் ஆம், அதன் இரு புஷ்கள், நுனியில் போல் ஜொயின்ட், ஓரத்தில் மெலிந்து நீண்ட ஸ்டெபிலைசர் லிங்க். எது எதனுள் நுழையும், எந்த ஆணி எந்தத் துவாரத்தில் இறங்கும் என்பதை மெல்லிய கோடுகள் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நம்பர். டொயோட்டாவின் நம்பரில் முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் ஜாதியையும், பின்வரும் எண்களும் எழுத்துகளும் அது எந்த வாகனத்துக்கு உரியது என்பதையும் சொல்லும். 48510 என்றால் முன் வலப்பக்கச் சொக் அப்சோபர், 48520 இடப்பக்கம், 48609 மவுண்ட், 48820 லிங்க், 43330 போல் ஜொயின்ட். 90 என்று தொடங்கினால் ஆணியோ நட்டோ பெயாரிங்கோ போன்ற பொதுச்சாமான். குர்ஆன் மதரசாவில் பிள்ளைகள் ஓதுவது போல் இவற்றை அவர் தங்கு தடையில்லாமல் ஒப்புவிப்பதைக் கேட்டிருக்கிறேன்; தம் பேரப்பிள்ளைகளின் வயது கேட்டால் மட்டும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுவார்.

தேத்தண்ணிக் கடையில் அவருக்கு இரண்டு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தால் சரித்திரமும் கிடைக்கும். சுருள்வில்லையும் சொக் அப்சோபரையும் ஒரே தூணாக இணைத்து, மேலே ஓர் ஆம் இல்லாமலே காரை நிறுத்திக் காட்டியவர் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கர் என்பதும், இங்கிலாந்தின் ஃபோர்ட் நிறுவனம் 1950-ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்த கொன்சல் காரில் அந்த ஏற்பாடு இருந்தது என்பதும் அப்போது வெளிவரும். மெக்பர்சன் மட்டும் மேல் ஆமை ஒழிக்காதிருந்தால் தமக்கு இன்னும் எத்தனையோ நம்பர்கள் வாய்த்திருக்கும் என்ற ஏக்கம் அவர் குரலில் தொனிப்பதாக எனக்கொரு சந்தேகம்.

ஆயினும் அவருடைய சித்தாந்தங்களுள் தலையாயது வலம் இடம் பற்றியது. காரின் வலப்பக்கம் என்பது ஓட்டுநர் ஆசனத்தில் முன்னோக்கி அமர்ந்தவனுக்கு எது வலமோ அது. பொனட்டுக்கு முன்னால் நின்று பார்ப்பவனுக்கு அது இடமாகத் தெரிவது அவனுடைய குற்றமேயன்றிக் காரின் குற்றமன்று. இதை மதியாத வாலிபனொருவன், பொனட்டுக்கு முன்னால் நின்றபடியே கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குத் தொலைபேசியெடுத்து வலப்பக்க லோவர் ஆம் கேட்டு, இரவு பஸ்ஸில் வந்த பார்சலை விடியற்காலையில் நித்திரைக் கண்ணோடு எடுத்து வந்து பிரித்தபோது, அது பொருந்த வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் வளைந்து கிடந்தது. கடைக்காரரோ, கேட்டதைத்தானே அனுப்பினோம் என்று கையை விரித்துவிட்டார். அன்று முதல் படக் காக்கா, சொந்தக்காரனை ஓட்டுநர் ஆசனத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் பக்கத்துக் கையை உயர்த்தச் சொல்லி, உயர்ந்த கையைத் தம் கண்ணால் கண்ட பின்னரே தொலைபேசியைக் கையில் எடுப்பது வழக்கமாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி பங்கிடும் இடத்தில் எவரோ வலது முன்தொடை என்று சொல்ல, “மாடு பார்க்கிற திசைய வெச்சிச் சொல்றீங்களா, நீங்க நிக்கிற திசைய வெச்சா?” என்று அவர் கேட்டதும் உண்மையே.

கடைக்காரரோடு அவர் பேசும் பேச்சே தனி.

“நாலு எட்டு சைபர் ஆறு எட்டு. எழுதிட்டீங்களா? மறுகா ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க.”

“நானா, 121 கொரோலாக்கு லோவர் ஆம் எண்டா போதும். சாமான் இரிக்கி.”

“உங்களுக்குப் போதும். காருக்குப் போதாது.”

இவருக்கு நேரெதிரி எங்கள் கராஜ் பாஸ். பாஸுக்குப் படமும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். வட்டைப் பாதையில் கார் வரும்போதே சத்தத்தைக் கேட்டு, ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, லோவர் ஆமுக்கடியில் கம்பி கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் தீர்ந்தது.

“போல் ஜொயின்ட் போயிட்டு, காக்கா.”

“எந்த போல் ஜொயின்ட்?”

“இந்தா, ஆடுற போல் ஜொயின்ட்.”

“படத்தில அது தனியா வருதா, ஆமோட சேர்ந்து வருதா எண்டு பாக்காமச் சொல்லப்படாது, தம்பி.”

“படத்தில எப்பிடி வந்தாலும் கையில ஆடுது, காக்கா.”

இந்த வழக்கில் பொதுஜன அபிப்பிராயம் பாஸின் பக்கமே சாய்ந்திருக்கிறது. என் அபிப்பிராயம் அப்படியன்று. ஒரு சிறு லிங்க் தேய்ந்ததற்கு முழுச் செட்டையும் தலையில் கட்டப் பார்க்கும் வியாபாரியிடம், ‘இது தனியாக வரும், இதோ நம்பர்’ என்று படத்தில் விரல் வைப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அது மட்டுமன்று; போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு உள்ளே மடிந்து கார் நடுவீதியில் குந்திவிடுமாதலால், கிட்டத்தட்டப் பொருந்துகிற சாமானை அடித்து ஏற்றுகிறவனைவிட, பொருந்தாது என்று சொல்லி மூன்று நாள் தாமதிக்கிற காக்கா எவ்வளவோ மேல். அந்த மூன்று நாளும் அவர் நம் வீட்டுத் திண்ணையில் இருந்து படம் விளக்குவார் என்பதுதான் இதிலுள்ள கஷ்டம்.

அவரது மதத்துக்கு ஒரு பெரிய சோதனை லோவர் ஆம் புஷ் ஒன்றினால் வந்தது. ஒரு பழைய வானில் புஷ்ஷின் ரப்பர் பிய்ந்து, மதகில் ஏறி இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதிற்று. படத்தில் புஷ் இருந்தது; ஆனால் அதற்குத் தனி நம்பர் இல்லை. தனி நம்பர் இல்லாத பாகம் உலகத்தில் தனியாகக் கிடையாது, முழு ஆமும்தான் எடுக்க வேண்டும் என்று காக்கா தீர்ப்பளித்தார். பாஸ் ஒன்றும் பேசவில்லை. ஆமைக் கழற்றி உரப்பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு லேத் கடைக்குப் போனான். பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி வெளியேற்றி, வேறொரு வாகனத்தின் புஷ்ஷுக்கு மெல்லிய இரும்பு வளையமொன்று கடைந்து போட்டு, இறுக்கி ஏற்றிக்கொண்டு திரும்பினான். மறுநாள் காக்காவை முன் ஆசனத்தில் ஏற்றி, வட்டைப் பாதையிலுள்ள ஒரு குழியும் தவறாமல் வானை இறக்கி ஏற்றினார்கள். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் குழியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “சத்தம் இல்லத்தான், ஆனா சத்தம் இல்லாதது வேற, சாமான் சரியா இரிக்கிறது வேற” என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஆனால் பின்னொரு நாள் அவருடைய கட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தபோது, அந்த வானின் படத்தில், புஷ் இருந்த இடத்திலிருந்து நீல மையால் ஒரு கோடு ஓரத்துக்கு இழுக்கப்பட்டு, அந்த வேறு வாகனத்து புஷ்ஷின் நம்பர் சுத்தமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. கீழே திகதியும் அவருடைய ஒப்பமும். ஜப்பானியர் விட்டுவிட்டதை வரிப்பத்தான்சேனையிலிருந்து பூர்த்தி செய்திருந்தார்.

இறக்குமதி திறந்த பின் எங்கள் தெருவுக்கும் ஜப்பானிலிருந்து ஒரு ஹைபிரிட் வந்தது. ஊர் முழுவதும் திரண்டு அதன் நிறத்தையும் ஆசனத்தையும் தடவிப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்க, காக்கா சாரன் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

“பொனட்டத் திறங்க, மகன்.”

“ஒரு வருத்தமும் இல்ல மாமா. நேத்துத்தான் வந்திரிக்கி.”

“வருத்தம் வந்த பிறகா நம்பர் தேடுற?”

பையன் திறந்தான். காக்கா துடைத்தார், வாசித்தார், உள்ளங்கையில் எழுதினார். அவன் பொனட்டை மூடுவதற்குள் பஞ்சிகாவத்தைக்குத் தொடர்பு கிடைத்து, இந்த மாதிரிக்கு லோவர் ஆம் வந்துவிட்டதா, வலம் தனியாகவும் இடம் தனியாகவும் சொல்லுங்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.