தாசில்தாருக்கு ஒண்ணுக்கு வரவில்லை

பெரும்பாக்கத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம், 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் வெள்ளம் வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது விசாரணை கீழ்வீட்டு ஹாலுக்குள்ளேயே நடந்தது. மே மாதம் அதே வீட்டுக்காரர் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு தண்ணீர் அரசியலுக்கு நடுவில், கேன் தண்ணீரையே ஊற்றி வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் ஒரு ஜீவன் எங்கள் வீட்டில் உண்டு. பூனை. பெயர் தாசில்தார்.

பெயர் வைத்தது அப்பா. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான், கூப்பிட்டால் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருப்பான், கவனிக்க வேண்டியபடி கவனித்தால்தான் திரும்பியே பார்ப்பான். வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

தண்ணீர் குடிக்காததற்கு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்ந்து, தாகத்தையும் எலியிடமே தீர்த்துக்கொண்ட வம்சம். எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். நாம் தட்டில் கொட்டும் பிஸ்கட்டில் 10 சதவீதம் இருந்தால் அதிகம். இடையில் துண்டு விழுவதைக் குடித்து ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த வம்சத்துக்குத் தெரியாது. சிறுநீரகமோ கிடைத்த தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, சுண்டக் காய்ச்சிய சிறுநீரைக் கீழே அனுப்பும். அதில் உப்பு படிகமாக உருவாக அதிக நேரம் ஆகாது.

சிறுநீர் அடைப்பு வருவதற்கான தகுதிகள் தாசில்தாரிடம் ஒன்று விடாமல் இருந்தன. ஆண். கருத்தடை ஆனவன். மூன்றாவது மாடியை விட்டு இறங்காதவன். தொப்பை. மூன்று வேளையும் பிஸ்கட். டிஎன்பிஎஸ்சி இப்படி ஒரு தகுதிப் பட்டியல் வெளியிட்டால் எழுத்துத் தேர்வே இல்லாமல் வேலை கிடைத்திருக்கும்.

அந்த வாரம் எதிர் பிளாட்டில் டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை டிரில்லிங். என் மனைவியின் தம்பி வேறு குடும்பத்தோடு லீவுக்கு வந்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் தாசில்தார் தன் கழிப்பறையான லிட்டர் தட்டில் போய் உட்கார்ந்தான். எழுந்தான். மண்ணைத் தள்ளினான். மறுபடி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தட்டின் மேலேயே நம்பிக்கை போய், பாத்ரூம் மூலை, துணிக்கூடை என்று ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பார்த்தான். நடுநடுவே பின்காலைத் தூக்கி, விடாமல் நக்கினான். அடித்தொண்டையிலிருந்து, அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு குரல். கடைசியில் மச்சானின் திறந்த சூட்கேஸில் ஏறி, முக்கி முக்கி இரண்டு சொட்டு விட்டான். வெள்ளைச் சட்டை என்பதால் நிறம் தெளிவாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பு.

உடனே மருத்துவக் குழு கூடியது.

"வயிறு கட்டிக்கிச்சு. வெளக்கெண்ண ஒரு ஸ்பூன் விட்டா சரியாப் போயிடும்" என்றாள் அம்மா. அம்மாவின் வைத்தியத்தில் தலைவலி உட்பட எல்லாமே வயிற்றில்தான் ஆரம்பிக்கும். என் மனைவி சூட்கேஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவனுக்கு என் தம்பி வந்தது பிடிக்கல. உங்ககிட்டதான் கத்துக்கிட்டிருக்கான்." அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணி என்று வரிசையாக விழுந்தன. மனிதனின் நீர்க்கடுப்புக்கு உள்ள அத்தனையும் பூனைக்கு மாற்றி எழுதப்பட்டன. பி பிளாக்கில் ஒருவர், குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் வீட்டில் மிச்சம் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்றார்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் சிரிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் போய்விடும்.

அப்பா அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் குடிநீர் வாரியத்தில் வாழ்நாளெல்லாம் குழாயோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். போன வருடம் புராஸ்டேட் வீங்கி, ஒரு ராத்திரி முழுக்க வராமல் தவித்து, விடியற்காலையில் டியூப் போட்டுத்தான் உயிர் வந்தது. அந்த ராத்திரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். அன்றைக்கு அவரே அதை மீறினார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போய், கரண்டியால் லிட்டர் தட்டைக் கிளறினார். அந்தக் களிமண்ணில் சிறுநீர் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். காலையில் சுத்தம் செய்ததற்குப் பிறகு ஓர் உருண்டைகூட இல்லை.

"வயிறு கட்டியிருந்தா ஒண்ணுக்காவது போயிருக்கணுமே? அது எங்க?" என்று அம்மாவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், இது ஒண்ணுக்கு வராத மூஞ்சிடா. எனக்குத் தெரியாதா? லைன்ல பிரஷர் இருக்கு, டெலிவரி இல்ல. வாய்கிட்ட அடைப்பு. காலையில பாத்துக்கலாம்னு விட்டா மெயினே போயிடும். வண்டியக் கூப்பிடு."

மிருக வைத்தியம் என்றால் அப்பாவுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரிதான். ஆனால் அது இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். எனவே மேடவாக்கம் பக்கம் இரவிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்தோம். கூடைக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். "பூன குறுக்க போனாலே வண்டிய ஓரங்கட்டுற ஆளு சார் நானு. இன்னிக்கு அதுவே சவாரி வருது." கூட இருபது ரூபாய் கேட்டார். சகுன நிவர்த்தி என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா இளவயது. அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டதுமே முகம் மாறியது. "பை நெறஞ்சு இறுகிக் கெடக்கு. பொட்டப் பூனைக்குப் பாதை அகலம், அடைக்கிறது அபூர்வம். ஆணுக்கு நுனியில ரொம்பக் குறுகல். படிகம், சளி, செத்த செல்லு எல்லாம் சேர்ந்து தக்கை மாதிரி அடைச்சிடும்" என்றார். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, கடைசியில் இதயத் துடிப்பையே குலைத்துவிடுமாம். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வாந்தியும் சோர்வும் ஆரம்பித்துவிட்டால் நாள் கணக்கு போய் மணிக்கணக்கு.

"எத்தன எம்எம் பைப்பு போடுவீங்க?" அப்பாவுக்கு அதுதான் கவலை.

"சுமாரா ஒரு எம்எம்."

அப்பா அசந்துவிட்டார். "அரை இஞ்சு லைனுக்கே நாங்க மூணு பேர் போவோம்மா" என்றார், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குத் தரும் மரியாதையோடு.

மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, பையைக் கழுவி, சலைன் ஏற்றி, உள்நோயாளியாக வைத்துக்கொண்டார்கள். கூண்டுக்கு வெளியே சின்ன யூரின் பேக் தொங்கியது. அப்பா பார்க்கப் போகும்போதெல்லாம் பூனையைப் பார்ப்பதற்கு முன் பேக்கைத்தான் பார்ப்பார். "நெறம் தெளிஞ்சிடுச்சு" என்று அவர் சொன்ன அன்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. போன வருடம் அவருக்கே அவள் சொன்ன வாக்கியம் அது.

கிருமிதான் காரணமா என்று கேட்டேன். சின்ன வயதுப் பூனைகளுக்குக் கிருமித் தொற்று குறைவு, வயதானவற்றுக்குத்தான் அதிகம் என்றார் டாக்டர். சிறுநீர்ப் பையில் தொல்லை என்று வரும் பூனைகளில் பாதிக்கு மேல், தேடினாலும் காரணம் அகப்படாதாம். மன அழுத்தம் வந்தாலும் பை வீங்கலாமாம். "வீட்ல சமீபத்துல எதாவது மாற்றம் உண்டா?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தோம்.

பாவம், அவன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் குழு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சோறு வைக்கும் நேரம் மாறினாலும், பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினாலும், நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, லிட்டர் தட்டை விட்டு வெளியே போயின. அப்படியிருக்க டைல்ஸ் கட்டர் சத்தம் என்னவெல்லாம் செய்யாது? எனக்கும் அதே வாரம் அதே சத்தம்தான். என்னிடம் யாரும் மாற்றம் உண்டா என்று கேட்கவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு பேருக்குப் பத்தியம். அப்பா ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. தாசில்தார் எந்நேரமும் குடிக்க வேண்டும். பிஸ்கட்டைக் குறைத்து, ஈரத் தீனியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுக்கிறோம். ஒரு பூனைக்கு இரண்டு லிட்டர் தட்டு. தேங்கிய தண்ணீரைத் தொடாதவன் ஓடுகிற தண்ணீரை நக்குவான் என்று கண்டுபிடித்ததும் அப்பாதான். பணியிலிருந்த காலமெல்லாம் ஒழுகலை அடைத்தவர், பால்கனிக் குழாயின் வாஷரைத் தானே தளர்த்தி, சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். கீழே விழுவதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். அசோசியேஷன் செயலாளர் "பிளம்பரை அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டதற்கு, "அது லீக்கேஜ் இல்ல, சப்ளை" என்றார்.

காலையில் தட்டை அள்ளும் பொறுப்பு என்னுடையது. உருண்டை எத்தனை, எவ்வளவு பெரிது என்று அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். நிறையச் சின்ன உருண்டைகள் என்றால் புருவம் உயரும். ஒன்றுமே இல்லையென்றால் ஆட்டோ. ஒரு முறை அடைத்தது மறுபடியும் அடைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவுடைய கணக்கைக் கேட்கும் துணிச்சல் மட்டும் எங்கள் யாருக்கும் வரவில்லை.

செய்தி பரவிவிட்டது. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு பி பிளாக்கிலிருந்து போன். அதே பாராசிட்டமால்காரர். அவர் வீட்டுப் பூனையும் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறதாம். அப்பா போனை வாங்கினார்.

"ஆணா, பொண்ணா? ... கடைசியா எப்ப போச்சு? ... ஞாபகம் இல்லையா? அப்ப சட்டையப் போடுங்க. பொண்ணா இருந்தா நாளைக்குக் காலையில போலாம்னு சொல்லியிருப்பேன். சிரப்பா? அத எடுத்துக் குப்பையில போட்டுட்டு, கூடையத் தூக்கிட்டு கேட்டுக்கு வாங்க. நானும் கூட வரேன்."