சைபர் போட்ட வெற்றி

கட்டளைவரி நிரல்களுக்குத் தன்னடக்கம் அதிகம். வேலை முடிந்தால் எக்சிட் கோடு, அதாவது முடிவைச் சொல்லும் எண், 0; சத்தமில்லாமல் போய்விடும். தோற்றால்தான் 1 முதல் 255 வரை விதவிதமான எண்கள். 127 என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை. 126 என்றால் கட்டளை இருக்கிறது, ஓட்ட அனுமதியில்லை. தேடல் கட்டளையான கிரெப் ஒரு விசித்திரப் பிறவி: தேடியது அகப்படாவிட்டாலே 1 என்று முகம் சுளிக்கும், உண்மையான பிழைக்கு 2.

ராஜேந்திர சோழனோ கங்கைவரை படை போய் வந்ததற்கு ஒரு தலைநகர், ஒரு கோயில், சோழகங்கம் ஏரி, போதாததற்கு மெய்க்கீர்த்தி. தோல்விக்கு மெய்க்கீர்த்தியில் எண்ணே கிடையாது.

1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, அந்தத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 126 வந்திருக்க வேண்டும். அணை எழும்பியது; கட்டியவர்கள் கணக்கில் 0.