பாதி விலையில் ஜீப், மீதி விலையில் இன்ஜின்

ஓடாத ஜீப்பை உலகத்தில் யாரும் விற்பதில்லை. "லேசா இன்ஜின் வேலை இருக்கு, மத்தபடி வண்டி பக்கா" என்றுதான் விற்பார்கள். நீங்களும் அந்த 'லேசா'வை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறுவதாகக் கனவு கண்டிருப்பீர்கள். இப்போது அது கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஷூட்டிங் எதுவும் நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கலங்க வேண்டாம். குறைந்த செலவில் இன்ஜின் மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

உங்களிடம் இருப்பது மஹிந்திரா எம்.எம். 540 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஜீப் வியாதி பிடித்தவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் வண்டி அது. அதற்குள் இருப்பது பிரான்சின் பெஜோ நிறுவனம் வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின், 2112 சி.சி., 62 குதிரைசக்தி. ஓடும்போது நல்ல இன்ஜின். ஓடாதபோது வண்டியின் முன்பக்கம் தூக்காமல் இருப்பதற்கான ஒரு பாரம்.

பட்ஜெட்டில் இருந்து ஆரம்பிப்பதுதான் முறை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 'இன்ஜின்: ரூ. 40,000' என்று எழுதி, கீழே கோடு போட்டு, 'மொத்தம்: ரூ. 40,000' என்று எழுதுங்கள். தாளை மடித்து வீட்டில் காட்டுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், மவுண்டிங் ரப்பர், ஹோஸ், ஆயில், லேத் கூலி, பட்டறைக் கூலி, வண்டியைப் பட்டறை வரை கொண்டுபோகும் வாடகை, அங்கே போகிற உங்கள் பஸ் காசு, இவை எதையும் அந்தத் தாளில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திட்டம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். ஜீப்பை விற்றுவிட்டு ஒரு நல்ல பழைய மாருதி வாங்கி நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதியதல்ல இது.

அடுத்ததாக, இன்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். மிக ஆபத்தான வேலை. ஸ்டாப்பர் கேபிள் பாதியில் சிக்கி நின்று பம்புக்கு டீசலையே விடாமல் வைத்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். டீசல் லைனில் ஒரு செம்பு வாஷர் கசிந்து காற்று புகுந்திருக்கலாம். ஹீட்டர் பிளக் நான்கும் போயிருக்கலாம். இந்த வகை டீசல் இன்ஜின் குளிரில் எழுந்திருக்க அவற்றின் சூடு தேவை. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருக்கலாம். தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது என்று அர்த்தம், ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் அர்த்தம். நாசில்களைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றினால் இன்ஜின் சுற்றிக்கூட விடலாம். இதையெல்லாம் செய்து பார்த்தால், இருநூறு ரூபாய் வாஷரோடு கதை முடிந்துபோகும் அபாயம் உண்டு. உங்கள் நண்பர்களிடம் ஏற்கெனவே "இன்ஜின் ஸ்வாப் பண்றேன்" என்று சொல்லியாகிவிட்டது. மானம் என்று ஒன்று இருக்கிறது.

மெக்கானிக் இரண்டு வகை. சாவியைத் திருப்பும் சத்தத்தைக் கேட்டே "மூணாவது பிஸ்டன் சார்" என்பவர் ஒருவர். "இறக்கிப் பார்த்தாதான் சொல்ல முடியும்" என்பவர் இன்னொருவர். முதலாமவரிடம் போனால் மகிழ்ச்சி, இரண்டாமவரிடம் போனால் இன்ஜின் என்பது என் கணக்கு. ஆனால் இரண்டாமவரின் பட்டறையில் ஏற்கெனவே மூன்று ஜீப்புகள் பானெட் இல்லாமல் நிற்கும். அதில் ஒன்றுக்குள் செடி முளைத்திருக்கும். அதன் சொந்தக்காரரும் ஒரு காலத்தில் வெள்ளைத்தாளோடு வந்தவர்தான்.

இனி இன்ஜின் வேட்டை. சென்னையில் என்றால் புதுப்பேட்டை. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி. கோவையில் என்றால் உக்கடம் பக்கம். நடைபாதை வரை பெல் ஹவுசிங்கும் டிஃபரென்ஷியலும் கிடக்கும் தெருக்களில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். சட்டைக்கு ஒரு விலை, லுங்கிக்கு ஒரு விலை. கடைக்காரரிடம், "பாய், ஓடுற இன்ஜினா?" என்று கேளுங்கள். "ஓடிட்டிருந்த வண்டியிலேர்ந்து கழட்டுனது சார்" என்பார். அது பொய்யே இல்லை. எல்லா வண்டியும் ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

இங்கே மட்டும் விளையாட்டை ஓரம் வைத்துவிட்டுச் சொல்கிறேன். சில்வர் பெயின்ட் புதிதாக அடித்து மினுங்கும் இன்ஜினிடம் போகாதீர்கள். பெயின்ட் எதையோ மூடுகிறது, பெரும்பாலும் கசிவை அல்லது விரிசலில் தேய்த்த எம்-சீலை. அழுக்கு அப்பிய இன்ஜினே தேவலை, அழுக்குக்கு நடிக்கத் தெரியாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கருப்பாக இருந்தால் டீசல் இன்ஜினுக்கு அதுதான் நிறம். கெட்டித் தாராக அப்பியிருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஆக இரண்டு சுற்றுக்கு நான்கு முறை கை இறுகி, 'புஸ்' என்று காற்று விட்டு, இளக வேண்டும். நான்கும் ஒரே மாதிரி இறுக வேண்டும். மூன்று இடத்தில் இறுகி ஒரு இடத்தில் கை சும்மா வழுக்கிக்கொண்டு போனால், அந்தச் சிலிண்டரில் வால்வோ ரிங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்காரர், "ரொம்ப நாளா கிடந்ததுல்ல சார், ஸ்டார்ட் ஆனா பிடிச்சிக்கும்" என்பார். பிடிக்காது. சம்ப் போல்ட்டைக் கழற்றி, வடியும் ஆயிலை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் காட்டுங்கள். பொடிப்பொடியாக மின்னினால், பேரிங்கோ கிராங்கோ கரைந்துகொண்டிருக்கிறது.

பிளாக்கில் இன்ஜின் எண் அடித்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே கிரைண்டர் பட்ட அடையாளம் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பில்லும், எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்பதற்கான ஆர்.சி. நகலும் தராத இன்ஜின், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உங்கள் ஜீப்பையும் சேர்த்து நிறுத்திவிடும்.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒரு நண்பர், "எதுக்குப்பா பழைய பெஜோ? அம்பாசிடர் இசுஸு போடு, இல்லேன்னா பொலேரோ டி.ஐ. போடு, கொல்லும்" என்று வருவார். டி.ஐ. 2523 சி.சி.; ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும்; ஐட்லிங்கில் ரியர்வியூ கண்ணாடியில் தெரியும் உலகம் முழுவதும் நடுங்கும். ஆனால் அது உட்கார மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பாக்ஸ் வாய்க்கு அடாப்டர் கடைய வேண்டும், சைலன்சரை வளைக்க வேண்டும், ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். வெல்டிங் ராடு மலிவுதான், அதைப் பிடிக்கும் கை மலிவில்லை. இதைவிடப் பெரிய அடாப்டர் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நண்பர் அதை வாசிக்கவில்லை. எஃப்.சி.க்கு வண்டியை நிறுத்தும்போது இன்ஸ்பெக்டர் வாசித்திருப்பார். அதே வகை இன்ஜினை வைத்தாலும், எண் மாறினால் ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று அவர் உங்கள் இன்ஜின் எண்ணை முதல்முறையாக ஆசையோடு படித்துப்பார்ப்பார்.

ஆகவே குறைந்த செலவில் கிடைக்கும் இன்ஜின் ஒன்றுதான்: ஆர்.சி.யில் ஏற்கெனவே இருக்கிற இன்ஜின். உங்கள் பிளாக்கில் ஓட்டை விழவில்லை, விரிசல் இல்லை என்றால் அதை லேத்துக்கு அனுப்பி, போர் பண்ணியோ லைனர் மாற்றியோ, கிராங்கைப் பத்து சைஸோ இருபது சைஸோ கிரைண்ட் பண்ணி அதற்கேற்ற பேரிங் போட்டு, பழைய எண்ணோடு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புதுப்பேட்டை இன்ஜினை வாங்கினாலும் அதன் ஹெட்டையும் பம்பையும் கழற்றி உங்கள் பிளாக்கில் ஏற்றலாம். அனுமதி, அலைச்சல், புரோக்கர் எதுவும் இல்லை. இந்த யோசனையை யாரும் கேட்பதில்லை. அதில் 'ஸ்வாப்' என்ற சொல் வராது, போட்டோ எடுக்கவும் ஒன்றும் இருக்காது.

எந்த இன்ஜினானாலும் செயின் பிளாக்கில் தொங்கும் நேரத்தில் மெக்கானிக் உங்களைத் தனியாக அழைத்து, "எப்படியும் இறக்கியாச்சு, அப்படியே..." என்று ஆரம்பிப்பார். கோபப்படாமல் கேளுங்கள். கிளட்ச் செட், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், இந்த மூன்றுக்கும் மறுபேச்சில்லாமல் பணம் கொடுங்கள். அந்த சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். இப்போது மாற்ற ஐந்து நிமிடம். ஏற்றிய பிறகு கசிந்தால் கியர்பாக்ஸையே மறுபடி இறக்க வேண்டும். "அப்படியே டேஷ்போர்டுல ஒரு வோல்ட் மீட்டர்" என்று தொடர்ந்தால் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

இப்போது, பட்ஜெட் பிரியர்கள் தவறாமல் மிச்சம் பிடிக்கும் இடத்துக்கு வருகிறோம்: ரேடியேட்டர். "அது நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே திரும்ப மாட்டுவார்கள். முதல் இன்ஜினைக் கொன்றது யார் என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பழைய சொந்தக்காரர் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளே ட்யூப் முழுவதும் உப்புப் படிந்து கிடக்கும். ஃபேன் பெல்ட் தொங்கும். தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இனி ஹீட்டே ஆகாது சார்" என்று யாரோ ஒருவர் வரம் கொடுத்திருப்பார். டெம்பரேச்சர் மீட்டர் முள் கீழேயே படுத்திருக்கும். ஒயர் கழன்று எவ்வளவு நாள் ஆயிற்றோ. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் கொதித்து, கேஸ்கெட் வெடித்து, பிஸ்டன் பிடித்துக்கொண்ட கதை அங்கே இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் புது இன்ஜினைக் கொண்டுவந்து அந்தக் கொலைகாரனின் பக்கத்திலேயே உட்காரவைப்பதுதான் மரபு. மரபை மீற நினைப்பவர்கள் ரேடியேட்டர் பெட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணி, வால்வைப் போட்டு, ஹோஸ்களை மாற்றி, கூலன்ட் ஊற்றி, மீட்டருக்கு ஒயர் இழுக்கலாம். டீசல் டேங்கையும் இறக்கிக் கழுவலாம். துருவும் தண்ணீரும் பம்பைத் தின்றுவிடும். மொத்தச் செலவு இன்னொரு இன்ஜினின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் பானெட்டைத் திறந்து காட்டும்போது யாரும் ரேடியேட்டரைப் பாராட்டுவதில்லையே, என்ன செய்வது.

ஸ்டார்ட் பண்ணும் நாள். எலுமிச்சம்பழம் வாங்குங்கள், டயருக்கு வைக்க. ஃபில்டரின் தலையில் இருக்கும் பிளீட் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி குமிழியாக வரும், கட்டைவிரல் மரத்துப்போன பிறகு குமிழி இல்லாத டீசல் ஒழுகும். அப்போது திருகை இறுக்குங்கள். ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்து சாவியைத் திருப்புங்கள். வெள்ளைப்புகை, தெருநாய்க் குரைப்பு, பிறகு சத்தம். ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்த பிறகு கை தட்டுங்கள்.

ரீபோர் செய்த இன்ஜின் என்றால் முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், அதுவரை விரட்டாதீர்கள். முதல் வாரத்திலேயே ஒன்று தெரியவரும்: பழைய இன்ஜின் போட்ட கூச்சலில் இத்தனை நாள் மற்ற சத்தங்கள் எதுவும் கேட்கவில்லை. இப்போது மூன்றாவது கியர் முனகும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஊளையிடும். பிராபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டும். மெக்கானிக்கிடம் சொன்னால், "அதெல்லாம் முன்னாடியே இருந்துச்சு சார்" என்பார். ஃபோர் வீல் லீவரை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முன் ஆக்சிலைப் பற்றி இன்னும் யாரும் உங்களிடம் பேசவே ஆரம்பிக்கவில்லை.