காது எட்டினால் சேர்க்கை

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஒன்றாம் வகுப்பு, இல்லையேல் அடுத்த வருஷம். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரான என் அப்பாவே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தானம் செய்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் ஜாதகத்தில் ஒரு நாளும் சர்ட்டிபிகேட்டில் ஒரு நாளுமாக இரண்டு முறை பிறந்தவர்கள்.

வயதானவர்களுக்கு அந்தப் பரீட்சைகூடக் கிடையாது. திண்ணை போதும். அப்பாவைப் பெற்ற ஆத்தா, கடைசிக் காலத்தில் பொழுது சாய்ந்தால் துணிமூட்டையோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். டீக்கடைக்காரர், “கடைசி பஸ் போயிருச்சு ஆத்தா, காலையில போகலாம்” என்று திருப்பி அனுப்புவார். “வயசாச்சு, அப்படித்தான்” என்பதே வைத்தியம். ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் 1906லேயே இந்த மறதி நோயைப் பற்றிப் பேசிவிட்ட சேதி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று இன்று மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பெருமையைக் குளிப்பாட்டி, புடவை மாற்றி, ராத்திரி முழுக்கக் காவல் காத்தது அம்மா. உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்டதில்லை.

இப்போது சென்னையில் மூன்றாவது மாடி. திண்ணை கிடையாது, எதிர் வீட்டுக் கதவும் திறப்பதில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஆத்தாவைப் போலவே மறதி பிடித்துவிட்ட அப்பாவைப் பகலில் விட ஒரு இடம் தேடினேன். “பெத்தவரைக் கொண்டுபோய் விடுறியா?” என்று வெளிநாட்டிலிருந்து ஒரு சித்தப்பா மகன் போனில் உருகினான். அவனுடைய பாசத்துக்கு விசா பிரச்சினை. ஏழை முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாக, 150 பேர் தங்கும் இல்லங்கள் பற்றி 2007ஆம் வருஷத்துச் சட்டம் பேசுகிறது. காலையில் விட்டுச் சாயங்காலம் கூட்டிப்போக நினைப்பவனுக்கு அதில் இடம் தென்படவில்லை.

பார்த்த முதல் இடத்தில் வாசலில் செயற்கை நீரூற்று, சுவரெல்லாம் வண்ணத்துப்பூச்சி. கழிப்பறைக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேறு. உள்ளே போன பெரியவருக்குத் தாழ்ப்பாளைத் திறக்க மறந்துபோனால்? கேட்டேன். மாதக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றார்கள்! இன்னொரு இடத்தில் எண்பது வயதுக்காரரை “செல்லம், ஆ காட்டு” என்று கொஞ்சினார்கள். எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், மாத்திரையை எழுதிவைத்துக் கொடுக்கிறார்களா, யாராவது நழுவி வெளியே போனால் யாருக்குத் தெரியும்: இவற்றைக் கேட்டால் பல இடங்களில் யோகா வகுப்பைக் காட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் நல்ல வழி. அப்படிப் போனபோது, ஒரு பழைய வீட்டில், ஆயாம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா சாப்பிடுங்கய்யா, அவசரமில்ல” என்று குழைந்த சாதத்தை ஒரு தாத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குப் படியில்லை, கைப்பிடி இருந்தது. அங்கேயே முடிவுசெய்தேன். நாலரை மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதுதான் குறை. மறதிக்காரர்களில் பலருக்குத் தடுமாற்றமும் பதற்றமும் கூடுவதே பொழுது சாயும்போதுதான்.

சேர்க்கைக்கு அங்கேயும் பரீட்சை. 1975ல் அமெரிக்காவில் உருவான, மொத்தம் 30 மதிப்பெண் கொண்ட கேள்வித்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். “93, 86, 79, 72, 65” என்று அப்பா மூச்சுவிடாமல் சொன்னார். “இது என்ன வருஷம்?” என்றதும், “1982. சத்துணவு ஆரம்பிச்சிருக்கு, அரிசிக் கணக்கு எழுதணும், சீக்கிரம் கேளுங்க” என்றார். இந்தப் பள்ளியில் தேறினால் இடமில்லை. தேறவில்லை; இடம் கிடைத்தது.

தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, வேலைக்குப் போவதாக நினைத்து வேனில் ஏறுகிறார். நாங்கள் திருத்துவதில்லை. மதியம் தூங்குகிறவர்களை எழுப்பி வாய்ப்பாடு கேட்கிறார் என்று புகார் வந்திருக்கிறது. நேற்று நான் கூப்பிடப் போனபோது போக்குவரத்தில் கொஞ்சம் தாமதம். வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன்டா லேட்டு? நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா.”