பட்டுப்போன கொடி காய்த்த கதை

மாசசூசெட்ஸ்,
செப்டம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் மகளுக்கு மட்டும் விரலெல்லாம் ஊதா நிறம். பயப்படாதீர்கள், வியாதியில்லை, திராட்சை. வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வரி சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன ஜனவரியில் எங்கள் வேலிக் கொடியை வீடியோவில் பார்த்துவிட்டு, "பட்டுப்போச்சு மாப்ளே, பிடுங்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க" என்று தீர்ப்புச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? கம்பம் பள்ளத்தாக்கில் தலைமுறையாகப் பன்னீர் திராட்சை போடுகிறவர் சொல்லுக்கு அப்பீல் ஏது? இலை ஒன்று இல்லை, குச்சியெல்லாம் சுள்ளி, அடியில் முழங்கால் உயரத்துக்குப் பனி. தரை உறைந்து கடப்பாரை இறங்காததால் கொடி தப்பியது. இப்போது வேலி சாய்கிற அளவுக்குக் காய்த்துத் தொங்குகிறது. மேல்முறையீட்டில் கொடி ஜெயித்துவிட்டது மாமா.

அது சாகவில்லை, உறங்கியிருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து வெட்டி, கொடியைக் கண்ணயர விடாமல் வேலை வாங்குகிறவர் நீங்கள். இங்கே உள்ளது வருஷத்துக்கு ஒரே வெள்ளாமைதான். குளிர் வருமுன் பச்சைக் குச்சி பழுப்பேறி முற்றிவிடும். மொட்டுக்குள் நீரைக் குறைத்துக்கொண்டு படுத்தால், வசந்தம் வந்தபிறகுதான் கண் திறக்கும். மைனஸ் 20 டிகிரிக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. கல்தூண் பந்தலும் கேட்பதில்லை; இரண்டு கம்பி போதும்.

இந்த ரகத்தின் பெயர் கான்கார்ட். பிறந்த ஊரின் பெயரும் அதுதான். எங்களுக்குப் பக்கத்து ஊர். 1775-ல் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாள் சண்டை அங்கே நடந்தது. அப்புறம் எமர்சன், தோரோ, ஹாதார்ன் என்று எழுத்தாளர்கள் மொய்த்த ஊர். ஊரே உட்கார்ந்து பிரபஞ்சத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாளில் ஹாதார்ன் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் திராட்சை விதை ஊன்றிக்கொண்டிருந்தார். எஃப்ரேம் வேல்ஸ் புல் என்று பெயர். பாஸ்டனில் பிறந்தவர், தங்க ரேக்கு அடிப்பது தொழில்.

அவருடைய கவலை உங்களுக்குப் புரியும். ஐரோப்பியக் கொடிகள் இந்தக் குளிரில் செத்தன. உள்நாட்டு ரகங்களான இசபெல்லாவும் கடாபாவும் பிழைத்தன. ஆனால் பழுப்பதற்குள் உறைபனி விழுந்து காயைக் கெடுத்தது. அதனால் இந்த மண்ணின் காட்டுத் திராட்சையிலிருந்து விதை எடுத்து முளைக்கவைத்து, தேறாததை எல்லாம் பிடுங்கி எறிந்தார். மொத்தம் 22,000 நாற்று பார்த்தாராம். அதில் ஒன்று 1849-ல் காய்த்தது. குளிர் தாங்கியது, பனிக்கு முன் பழுத்தது. அந்தத் தாய்க்கொடியிலிருந்து வந்ததுதான் எங்கள் வேலியில் உள்ளதும்.

ருசி கேட்பீர்கள். பெங்களூர் நீலத் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். அது புல் கைவிட்ட இசபெல்லாவேதான். இதற்குச் சொந்தக்காரப் பழம். அதே வாசனை, அதே தடித்த தோல். பிதுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் பாயும். கொட்டையைத் துப்ப நினைக்கும்போது அது தொண்டை தாண்டியிருக்கும். வாசனைக்குக் காரணம் மீத்தைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். திராட்சை மணம் என்று போட்டு இங்கே விற்கும் மிட்டாய், இருமல் மருந்து எல்லாவற்றிலும் அந்த மணம்தான். வேடிக்கை என்னவென்றால், பறவைகளுக்கு அது பிடிக்காது என்று அதையே வயலில் தெளிக்கிறார்கள். எங்கள் வேலிக்கு வரும் பறவைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

உங்கள் பேரனும் இந்தப் பழத்துக்கு அடிமை. ரொட்டியில் ஒரு பக்கம் வேர்க்கடலை விழுது, மறுபக்கம் இந்தத் திராட்சை ஜாம். நாள் தவறாமல் பள்ளிக்கு அதுதான். கடலைச் சட்னியில் வெல்லப் பாகு ஊற்றியதுபோல் இருக்கும். அத்தையிடம் சொல்லாதீர்கள், இட்லிப் பொடியோடு விமானம் ஏறிவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1854-ல் புல் ஒரு கொடி ஐந்து டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் பெரிய பணம். ஆனால் திராட்சைக் குச்சியின் சங்கதி உங்களுக்குத் தெரியாததா? ஒன்றை வாங்கினவன் நூறு பதியன் போடலாம். ரகம் கண்டவனிடம் மறுபடி வரவேண்டியதில்லை. நாற்றுப் பண்ணைக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். செடிக்குக் காப்புரிமை தரும் சட்டம் இங்கே 1930-ல்தான் வந்தது. 1869-ல் நியூ ஜெர்சியில் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத்தில் ஒயினுக்குப் பதிலாகக் கொடுக்க, இந்தப் பழச்சாற்றைப் புளிக்காதபடி சூடாக்கிப் புட்டியில் அடைத்தார். அது பெரிய கம்பெனியாக வளர்ந்து இன்றும் ஓடுகிறது. புல் 1895-ல் ஏழையாக முதியோர் இல்லத்தில் இறந்தார். விதைத்தவர் அவர், அறுத்தவர்கள் பிறர் என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் மீசையை முறுக்குவீர்கள் என்று தெரியும். எதிர்த்தோட்டத்துக்காரருக்குக் குச்சி தரமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கும் கதையை உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். புல்லின் கதை உங்கள் கட்சி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் குச்சியைப் பூட்டி வைத்திருந்தால் அந்தக் கொடி அவர் தோட்டத்தோடு நின்றிருக்கும். பணம் வராமல் போனது அநியாயம்தான். ஆனால் அவருக்கு முன்பின் தெரியாத நான் இன்று என் வேலியில் பழம் பறிப்பது, பலபேர் கைமாற்றிய குச்சியால்தான்.

ஆகவே எதிர்த்தோட்டத்துக்காரருக்குக் குச்சியைக் கொடுத்துவிடுங்கள். சும்மா வேண்டாம், விலை வைத்தே கொடுங்கள். ஐந்து டாலர் என்று கேட்டுப் பாருங்கள். 1854-ஆம் வருஷத்து விலை, மருமகன் எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மருமகன்.

பி.கு.: வரும்போது பையில் இரண்டு குச்சி போட்டுக் கொண்டுவாங்க என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இறக்குமதி அனுமதியும் நோயற்ற செடி என்ற சான்றிதழும் இல்லாமல் விமான நிலையம் தாண்ட முடியாது. ஜாம் கொண்டுவருகிறேன்.