இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள எளிய வழி

ஐம்பது தாண்டியதும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." உயரம் இரண்டு விரற்கடை குறைந்தாலும் இதையே சொல்லுங்கள், முதுகு வளைந்தாலும் இதையே சொல்லுங்கள். முள்ளெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கி அமுங்குவதாலும் கூன் விழும் என்று டாக்டர் சொன்னால், சின்னப் பையன், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பெண்களுக்குத் தனிச் சலுகை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகி, புதுக்கோட்டை மாவட்டத்தையே சுற்றிவந்த அக்காமார்கள் இப்போது ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறையும். அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும். நல்ல சமயம், சைக்கிளைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள். (சைக்கிள் நெஞ்சுக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக இல்லை. உடம்பின் பாரத்தைக் கால் தாங்கும்படி நடந்தால்தான் எலும்பு தேறும். ஆகவே நடக்கவே நடக்காதீர்கள்.) ரேஷன் கடைக்கும் மகன் பைக்கில் போங்கள். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறதாம். அதை மாட்டுக்கு வையுங்கள்.

எலும்புக்காவது இவ்வளவு பாடு, வயதோடு தளரும் நோய் எதிர்ப்பு சக்தியைக் கவிழ்க்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி, டி செல்களைப் பழக்கும் இடம். பருவம் வந்த நாளிலிருந்தே அது சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆளெடுப்பு நின்றுபோன போலீஸ் ஸ்டேஷன் மாதிரி, பழைய ஏட்டய்யாக்களை வைத்தே உடம்பு காலம் தள்ளுகிறது. சின்ன வயதில் அம்மை போட்டபோது நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்களே, அந்தக் கிருமி எங்கும் போகவில்லை. நரம்பின் வேரில் படுத்திருக்கிறது. காவல் தளர்ந்ததும் விலாவில் ஒருபக்கமாகக் கொப்புளித்து எரியும். அதுதான் அக்கி. குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதிக்கொள்ளுங்கள். வைரஸ் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும் என்பதால், நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசியும் இருக்கிறது, விலையைக் கேட்டதும் நீங்களே திரும்பிவிடுவீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு, எதிர்ப்பு சக்தி இரண்டையும் ஒரே அடியில் முடிக்க ஆசையா? முழங்கால் வலிக்குச் சீட்டில்லாமல் 'செட் மாத்திரை' கேளுங்கள். பேப்பரில் மடித்த, பெயர் தெரியாத நாலு மாத்திரை. அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் மறுநாளே நடவுக்குப் போகலாம், அவ்வளவு சுகம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மெலியும், எதிர்ப்பு சக்தியும் படுக்கும். 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

இனி விழுவது மட்டும் பாக்கி. பாத்ரூம் பாசியைத் தேய்க்காதீர்கள். ராத்திரி விளக்கு போடாதீர்கள், கரண்ட் பில் ஏறும். கண்புரை ஆபரேஷனை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவையுங்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கலாம் என்று மருமகள் கேட்டால், டைல்ஸ் உடைந்துவிடும் என்று தடுத்துவிடுங்கள்.